ரிப்பனும் இடுப்பெலும்பும்

"மாமா, ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி பார்த்துட்டேன். அப்பா நாய் சாம்பியன். தாத்தா நாய் ஜெர்மனியிலேர்ந்து இறக்குமதி. பேப்பர் எல்லாம் பக்கா. வீட்டுக் காவலுக்கும் ஆச்சு, அப்படியே டாக் ஷோவுக்கும் கூட்டிட்டுப் போகலாம். அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?"

அக்கா பையன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. சாதாரணமாக அந்த நேரத்தில் அவன் எழுந்திருப்பதே இல்லை. நாய் ஆசை ஆளை எழுப்பிவிடும்.

"அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு படம் பாரு" என்றேன்.

"நாய்ப் படமா? அழுவாச்சி க்ளைமாக்ஸா?"

"அழுகை வரும். க்ளைமாக்ஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

நான் சொன்னது 2008 ஆகஸ்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய 'பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்டு' என்ற ஒரு மணி நேர ஆவணப்படம். எடுத்தவர் ஜெமிமா ஹாரிசன். அவனுக்குச் சிபாரிசு செய்துவிட்டேனே என்று நானும் இந்த வாரம் இன்னொரு முறை பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது கோபம் வந்தது. இந்த முறை கோபத்தோடு கொஞ்சம் சந்தேகமும் வந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

*

படத்தில் வரும் சில காட்சிகள் லேசில் மறக்காது. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்று ஒரு குட்டி நாய். பெரிய கண், தொங்கும் காது, மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றும் முகம். அந்த இனத்தில் பல நாய்களுக்கு மண்டையோட்டின் அளவு மூளைக்குப் போதவில்லை. ஏழாம் நம்பர் காலுக்கு ஐந்தாம் நம்பர் செருப்பு மாட்டிய மாதிரி. முதுகுத் தண்டில் நீர் கோத்துக்கொள்கிறது. நாய் வலியில் துடிக்கிறது. இந்த நோய் இருப்பது தெரிந்த பிறகும் ஒரு பரிசு நாயைத் தொடர்ந்து குட்டி போடப் பயன்படுத்தினார்கள் என்று படம் குற்றம் சாட்டுகிறது.

அடுத்து ரொடீஷியன் ரிட்ஜ்பேக். முதுகில் ரோமம் எதிர்ப்பக்கமாக ஒரு கோடு போல வளர்ந்திருக்கும். அந்தக் கோடுதான் அதன் அடையாளம், பெருமை, விலை எல்லாம். சில குட்டிகள் கோடு இல்லாமல் பிறந்துவிடும். அவற்றைக் கொன்றுவிடும் வழக்கம் சிலரிடம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோட்டோடு ஒட்டி வருவது டெர்மாய்ட் சைனஸ் என்ற தோல் குறைபாடு. கோடு இல்லாத குட்டிக்கு அந்தத் தொல்லை வருவது அரிது. அதாவது ஆரோக்கியமானதைக் கொன்றுவிட்டு, குறையுள்ளதற்குப் பட்டுக் குஞ்சம் கட்டியிருக்கிறார்கள். இதை வில்லன் சிரிப்போடு யாரும் செய்யவில்லை. வீட்டில் பேரன் பேத்தியோடு டீ குடிக்கும் நல்ல மனிதர்கள் செய்திருக்கிறார்கள். படத்தின் பலம் இந்த இடம்தான்.

பிறகு ஜெர்மன் ஷெப்பர்ட். ஷோ வளையத்துக்குள் பின்னங்கால் வளைந்து, முதுகு சறுக்குப் பலகை போலச் சரிந்து, குதிகால் தரையை உரசுகிற மாதிரி ஓடுகிறது. கூட்டம் கை தட்டுகிறது. காலே சரியில்லாத ஒன்றுக்கு எதற்குக் கைதட்டல் என்று நமக்குத் தோன்றுகிறது.

படம் கிளப்பிய புயல் சின்னதில்லை. கிரஃப்ட்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியை வருஷா வருஷம் ஒளிபரப்பி வந்த பி.பி.சி., 2009-ல் நிறுத்திக்கொண்டது. பிராணிகள் நலச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ. விலகிக்கொண்டது. நாய்த் தீனி ஸ்பான்சரும் கழன்றுகொண்டார். தாய்-மகன், அப்பா-மகள், அண்ணன்-தங்கை சேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்ய மாட்டோம் என்று 2009-ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் விதி கொண்டுவந்தது. அதுவரை செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் செய்தி. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி பேட்ரிக் பேட்சன் 2010 ஜனவரியில் ஒரு விசாரணை அறிக்கை கொடுத்தார். அதற்குச் செலவு செய்தவர்களில் கென்னல் கிளப்பும் ஒன்று.

ஒரு டி.வி. படம் இவ்வளவு சாதிப்பது அபூர்வம். சும்மா சொல்லக் கூடாது, ஹாரிசன் அம்மையார் கெட்டிக்காரர்.

*

சரி, சந்தேகம் எங்கே வந்தது?

படம் முடிந்ததும் பார்ப்பவன் மனசில் என்ன மிஞ்சுகிறது? 'ஜாதி நாய் என்றாலே மோசடி. வம்சாவளி என்றாலே வியாதி.' என் மருமகப்பிள்ளையும் அன்றைக்கு ராத்திரியே போன் செய்து அதைத்தான் சொன்னான். "விடுங்க மாமா, தெரு நாய் ஒண்ணை எடுத்து வளர்த்துடறேன்." நல்ல காரியம்தான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரு கிடைக்காரருக்கு ஆடு மடக்க நாய் வேண்டும். போலீஸுக்கு மோப்பத்துக்கு வேண்டும். கண் தெரியாதவருக்கு வழிகாட்ட வேண்டும். இந்தக் குட்டி பெரிசானால் இப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்தால்தான் இந்த வேலைகள் நடக்கும். வம்சாவளி என்ற ஏற்பாடே அந்த 'ஓரளவு'க்காக வந்ததுதான். படம் இந்தப் பக்கத்தைச் சரியாகச் சொல்லவில்லை. கென்னல் கிளப் கொடுத்த புகாரில் ஒரு பகுதியை ஒளிபரப்புக் கண்காணிப்பாளரான ஆஃப்காம் ஏற்றுக்கொண்டது. சில குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லப் போதிய வாய்ப்பு தரவில்லை என்றது. ஹிட்லரோடு ஒப்பிட்டதும் அதில் ஒன்று. வாதத்தில் ஹிட்லரை இழுத்துவிட்டால் அப்புறம் எதிராளி எதைத்தான் பேசுவது?

நாய் ஷோ பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். படம் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது.

1859 ஜூன். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரம். பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்களுக்கு மட்டும் போட்டி. முதல் பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி. கப்பும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. காட்டுக்குப் போகிறவனுக்கு என்ன தேவையோ அது. ஜெயித்த நாய் மறுநாள் வயலில் வேலை செய்யும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். செட்டர் போட்டியின் நடுவர் ஒருவருடைய நாய் பாயின்டர் போட்டியில் ஜெயித்தது. பாயின்டர் நடுவர் ஒருவருடைய நாய் செட்டர் போட்டியில் ஜெயித்தது. உலகின் முதல் டாக் ஷோவிலேயே இந்தக் கொடுக்கல் வாங்கல். மனிதன் மாறவே மாட்டான் போலிருக்கிறது.

அடுத்தது 1873. இந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் லண்டனில் கென்னல் கிளப் ஆரம்பமானது. அதே வருஷம் அக்டோபரில் வேல்ஸில் பாலா என்ற ஊரில் ஆடு மடக்கும் நாய்களுக்கு ஒரு போட்டி நடந்தது. ஜெயித்தது ட்வீட் என்ற நாய்.

ஒரே வருஷத்தில் இரண்டு விதமான நடுவர்கள் பிறந்துவிட்டார்கள். லண்டனில் கோட்டு சூட்டு போட்ட மனிதர். பாலாவில் ஆடு. கோட்டு சூட்டுக்காரர் காது எப்படி நிற்கிறது, வால் எங்கே முடிகிறது என்று பார்ப்பார். ஆட்டுக்கு அதெல்லாம் தெரியாது. நாய் கண்ணை வைத்து அதட்டினால் திரும்பும். நாய் சொதப்பினால் நாலு பக்கமும் சிதறும். ஆட்டை ஏமாற்ற முடியாது.

அந்தப் பாலா வழியில் வந்தது பார்டர் கோலி. 1906-ல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம், வேலையில் தேறிய நாய் வம்சம் தெரியாததாக இருந்தாலும் தகுதியின் பேரில் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், கறுப்பு, பழுப்பு, நீண்ட ரோமம், குட்டை ரோமம் என்று பல தினுசாக இருக்கிறது. 1995-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதை ஷோ இனமாக அங்கீகரித்தபோது, ஆடு மேய்ப்பவர்கள் "வேண்டவே வேண்டாம், எங்கள் நாயைக் கெடுத்துவிடுவீர்கள்" என்று சண்டைக்குப் போனார்கள். அங்கீகாரம் வேண்டாம் என்று போராடியவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

*

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வருவோம். அதன் கதை ஒரு சோகக் கதை. ஏனென்றால் அதை உருவாக்கியவருக்கு இந்த ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது.

மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். குதிரைப்படை கேப்டன். 1899 ஏப்ரல் 3-ம் தேதி கார்ல்ஸ்ரூஹ நகரத்து நாய்க் கண்காட்சியில் ஒரு நாயைப் பார்த்தார். ஓநாய்ச் சாயல், கட்டான உடம்பு, சொன்னதைப் புரிந்துகொள்ளும் புத்தி. அங்கேயே வாங்கி, ஹோராண்ட் என்று பேர் வைத்தார். அதே மாசம் 22-ம் தேதி சங்கம் ஆரம்பித்துவிட்டார். பதிவேட்டில் எண் 1 ஹோராண்ட். பெண் பார்த்த கையோடு கல்யாண மண்டபம் பிடித்த மாதிரி.

அவருடைய கொள்கை எளிமையானது. வேலைக்கு உதவ வேண்டும், புத்தி இருக்க வேண்டும். அழகு தானாக வந்தால் சரி. ஆட்டுக் கிடைகள் குறைந்து தொழிற்சாலைகள் பெருகியபோது போலீஸ் வேலைக்கு இந்த நாயைத் திருப்பிவிட்டதும் அவர்தான். துரத்துவது, கடித்துப் பிடிப்பது, மோப்பம், கீழ்ப்படிதல் என்று பரீட்சைகள் வைத்தார்கள். இன்றைக்கும் ஜெர்மனியின் பெரிய ஷோவில் வயது வந்த நாய்கள் வேலைப் பரீட்சையில் பாஸ் செய்யாமல் உள்ளே வர முடியாது.

அப்புறம் எப்படி முதுகு சரிந்தது?

முதல் காரணம், நல்ல எண்ணம். 1920-களில் நாய்கள் ரொம்ப உயரமாக, சதுரமாகப் போகின்றன என்று ஸ்டெஃபானிட்ஸுக்குக் கவலை. 1925-ல் குட்டையாக, நீளமாக இருந்த குளோடோ என்ற நாயை முதல் பரிசுக்குத் தேர்ந்தெடுத்தார். அது ஒரு திருத்தம், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் அந்தத் திருத்தத்தையே கொள்கையாக்கிவிட்டார்கள். டாக்டர் ஒரு மாத்திரை சொன்னால் பத்தாகப் போட்டுக்கொள்கிற நோயாளி மாதிரி. புத்தகத்தில் இன்றும் உயரத்தைவிட நீளம் 10 முதல் 17 சதவீதம் அதிகம் இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. சரிவான சறுக்குப் பலகை வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

இரண்டாவது காரணம், ஓட்டம். வளையத்துக்குள் நடுவர் பார்ப்பது நாய் தாவுவதை அல்ல, சுவர் ஏறுவதை அல்ல. சீரான ட்ராட் ஓட்டத்தை. பின்னங்கால் மூட்டில் வளைவு கூடினால் எட்டு நீளும். மிதப்பது மாதிரி இருக்கும். பார்க்க அள்ளும். இந்த வருஷம் கொஞ்சம் வளைந்தது ஜெயிக்கும். அடுத்த தலைமுறையில் இன்னும் கொஞ்சம் வளைந்தது ஜெயிக்கும். யாரும் ஒரே நாளில் நாயைக் கெடுக்கவில்லை. முப்பது வருஷம் ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கெடுத்தார்கள்.

மூன்றாவது, ஒரு சில நாய்கள். 1970-களுக்குப் பிறகு வந்த மேற்கு ஜெர்மன் ஷோ வம்சங்களைப் பின்னோக்கித் துருவினால் கான்டோ, குவான்டோ, முட்ஸ் என்ற மூன்று ஆண் நாய்களிடம் திரும்பத் திரும்பப் போய் முட்டுவோம். ஊரில் எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரன்கள் என்றால் தாத்தாவின் குறையும் ஊர்ச் சொத்து.

நான்காவது, பரீட்சை. வேலைப் பரீட்சை கட்டாயம்தானே, அது ஏன் காப்பாற்றவில்லை? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்றால் பாஸ் மார்க்குக்குத்தான் தயார் செய்வார்கள். ரிப்பனுக்கு உயிர் கொடுப்பது, பரீட்சைக்குக் கோச்சிங் கொடுப்பது என்று ஆகிவிட்டது. பரீட்சை சடங்கானது. இனம் இரண்டாகப் பிரிந்தது. ஷோ வம்சம் ஒன்று, வேலை வம்சம் ஒன்று. பெயரும் பதிவேடும் ஒன்றேதான். பக்கத்தில் நிறுத்தினால் சொந்தக்காரர்கள் என்று நம்புவது கஷ்டம்.

ஷோக்காரர்களுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். போட்டோவில் பார்க்கும் சரிவில் ஒரு பங்கு போஸ். ஒரு பின்னங்காலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் எந்த நாயின் முதுகும் சரியும். நிற்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடப்பதைப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஆடுகிறதா, கால் குறுக்கே போகிறதா என்று அப்போது தெரியும். வேலை வம்சக்காரர்களும் உத்தமர்கள் இல்லை. வேகம், வெறி, கடி என்று ஒரே திசையில் போய், வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் சும்மா படுக்கத் தெரியாத நாயை உண்டாக்குகிறவர்களும் உண்டு. அதுவும் ஒருவிதச் சரிவுதான். முதுகில் தெரியாது, அவ்வளவே.

விளைவு? போலீஸும் ராணுவமும் பல நாடுகளில் பெல்ஜியன் மாலினுவா பக்கம் சாய்ந்துவிட்டன. நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலும் அதைப் பார்க்கலாம். 2011-ல் பின்லேடன் வீட்டுக்குள் இறங்கிய அமெரிக்க அணியோடு போன கெய்ரோ என்ற நாயும் மாலினுவாதான். ஸ்டெஃபானிட்ஸ் இருந்திருந்தால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பார். 2016 மார்ச்சில் கிரஃப்ட்ஸில் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் முதலாக வந்த பெட்டையின் நடையை டி.வி.யில் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். படம் வந்து ஏழரை வருஷம் ஆன பிறகும்!

*

இதெல்லாம் எனக்கு எதற்கு இவ்வளவு விவரமாகத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. பேர் ராக்கி. வாங்கியது 1996-ல். விற்றவர் பெயர் வேண்டாம். ஹாலில் கண்ணாடி அலமாரி முழுக்கக் கப்பும் ரிப்பனும். ராக்கியின் சர்டிஃபிகேட்டில் முன்னோர் வரிசையில் சாம்பியன் பெயர்கள் சிவப்பு மையில் இருந்தன. அப்பா அதை ஃப்ரேம் போட்டு மாட்டினார். என் டிகிரி சர்டிஃபிகேட்டைக்கூட அவர் ஃப்ரேம் போட்டதில்லை.

மூன்று வயதில் ராக்கி மாடிப்படி ஏறத் தயங்கியது. நான்கு வயதில் எழுந்திருக்கும்போது முன்னங்காலால் உடம்பை இழுத்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் உருண்டை, இடுப்புக் கிண்ணத்துக்குள் பொருந்தி உட்கார வேண்டும். ராக்கிக்குக் கிண்ணமே இல்லை, தட்டுதான் இருந்தது. "ஹிப் டிஸ்பிளேசியா. பரம்பரையா வர்றது. அப்பா அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களான்னு கேட்டீங்களா?" என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாது. சிவப்பு மையைப் பார்த்தோம், மயங்கினோம்.

ஆறாவது வயதில் ஊசி போட்டு அனுப்பிவைத்தோம். அப்பா அன்றைக்குச் சர்டிஃபிகேட்டை ஃப்ரேமிலிருந்து கழற்றினார். கிழிக்கவில்லை. மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். இன்னும் இருக்கிறது.

அந்தக் காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. அதுதான் விஷயம். குட்டி யாருக்குப் பிறந்தது என்று அது சொல்லும். எப்படிப்பட்டதாகப் பிறந்தது என்று சொல்லாது. அந்த வேறுபாடு தெரியாததற்கு விலை எங்கள் பணம் இல்லை. ராக்கியின் கால்.

*

ஆகவே மருமகப்பிள்ளைக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். படம் கொடுத்திருக்க வேண்டிய, கொடுக்காத பட்டியல்.

ஒன்று. குட்டியைப் பார்க்காதே, முதலில் அம்மாவைப் பார். குட்டிகள் எல்லாமே அழகு. அம்மா அந்நியனைக் கண்டு பதுங்குகிறதா, காரணமில்லாமல் சீறுகிறதா, நிதானமாக மோந்து பார்த்துவிட்டுப் போகிறதா என்று கவனி. அம்மாவைக் காட்ட மாட்டேன் என்றால் அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு.

இரண்டு. அப்பா, அம்மா இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே ரிசல்ட் கேள். பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை, மொத்தம் 106. மார்க் குறையக் குறைய நல்லது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஏ, பி, சி, டி, ஈ என்று போடுவார்கள். ஏ என்றால் சுத்தம். பின்னங்கால் மெல்லச் செயலிழக்கும் டி.எம். என்ற தண்டுவட நோய்க்கு மரபணு டெஸ்ட் உண்டு. அதையும் கேள். இது கேரன்டி இல்லை. நல்ல இடுப்புள்ள பெற்றோருக்கும் மோசமான குட்டி பிறக்கலாம். ஆபத்து குறையும், அவ்வளவுதான்.

மூன்று. ரிப்பனைக் காட்டினால் சந்தோஷப்படு. பிறகு, "இது என்ன வேலை செய்திருக்கு?" என்று கேள். கீழ்ப்படிதல், மோப்பம், காவல், ஏதாவது ஒன்றில் வெளியாள் வைத்த பரீட்சையில் தேறியிருக்கிறதா? ஷோ, வேலை இரண்டிலும் தேறிய நாய்கள் உலகத்தில் இருக்கின்றன. குறைவு, ஆனால் உண்டு. கண்காட்சி என்பது பாவமில்லை. உடம்பு அமைப்பைத் தேர்ந்த கண் பார்ப்பதில் பயன் இருக்கிறது. அது மட்டுமே போதும் என்பதுதான் கோளாறு.

நான்கு. பெடிகிரி காகிதத்தில் அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒரே பெயர் வருகிறதா என்று பார். தாத்தா, கொள்ளுத்தாத்தா வரிசையில் ஒரே நாய் திரும்பத் திரும்ப வந்தால், அது பெருமை இல்லை, எச்சரிக்கை.

ஐந்து. "உங்க நாய்கள்ல என்ன குறை?" என்று கேள். நல்ல ப்ரீடர் உடனே நாலு குறை சொல்வார். "ஒரு குறையும் இல்லை சார்" என்பவர் வியாபாரி.

ஆறு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதே. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே அது தடை. நாய் வளர்த்து விற்கிறவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பதிவு எண் கேள்.

ஏழு. கொண்டுவந்த பிறகு உன் பொறுப்பு. லாப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. 48 நாய்கள். ஒரு பாதிக்குக் கால் பங்கு தீனி குறைத்துக் கொடுத்தார்கள். ஒல்லியாக வளர்ந்த நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் தள்ளிப்போனது. குண்டு நாய்தான் செல்ல நாய் என்று நினைக்கும் பாட்டிமார்கள் கவனிக்க. வழவழ டைல்ஸ் தரையில் குட்டியை ஓடவிடாதே.

எட்டு. இதுதான் முக்கியம். நாய்க்கு என்ன வேலை கொடுக்கப் போகிறாய்? வேளச்சேரியில் மூன்றாவது மாடி. நீயும் உன் பெண்டாட்டியும் காலையில் போனால் ராத்திரிதான் வருகிறீர்கள். வேலை வம்சத்து ஜெர்மன் ஷெப்பர்டை அங்கே அடைத்தால் அது சோபாவை வேலையாக எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கேள்விகள் வெள்ளைக்கார நாய்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2005-ல் தபால் தலையில் இடம் பிடித்த நான்கு இந்திய நாய்களில் நம் ராஜபாளையமும் ஒன்று. காட்டுப்பன்றியை மடக்கிய நாய். ஆனால் சந்தையில் அதற்கு விலை சொல்வது வேட்டைத் திறமையை வைத்தா? பால் வெள்ளை ரோமம், ரோஸ் கலர் மூக்கு. நிறமி இல்லாத அந்த வெள்ளையோடு பிறவிச் செவிட்டுத்தனமும் ஒட்டி வரலாம். பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், குட்டி திரும்புகிறதா என்று. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சரிந்த முதுகைப் பார்த்து இங்கிலாந்துக்காரனைத் திட்டும் நாம், ரோஸ் மூக்குக்குக் கூடுதல் பணம் எண்ணித் தருகிறோம்.

*

படத்தைப் பற்றிய தீர்ப்பு: பாருங்கள். அது ஒரு நல்ல வழக்கறிஞரின் வாதம். நீதிபதியின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளர்ப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர், வாங்குகிறவர்களை பார்வையாளர் வரிசையில் சௌகரியமாக உட்கார வைத்துவிட்டார். சப்பை மூக்கு வேண்டும், சரிந்த முதுகு வேண்டும், அதற்கு இவ்வளவு தருகிறேன் என்று கையில் பணத்தோடு நிற்பது நாம்தானே? அந்த வரிசையில் 1996-ல் நானும் அப்பாவும் நின்றிருக்கிறோம்.

மருமகப்பிள்ளை பட்டியலோடு போனான். சாம்பியன் அப்பா வைத்திருந்தவரிடம் எக்ஸ்ரே கேட்டிருக்கிறான். "நாய்க்கு எதுக்கு சார் எக்ஸ்ரே? ரிப்பனைப் பாருங்க சார்" என்றாராம். எனக்கு ஒரு கணம் அந்தப் பழைய கண்ணாடி அலமாரி ஞாபகம் வந்தது.

போன வாரம் மறுபடி போன். ரொம்பக் கோபமாக இருந்தான்.

"வேற ஒருத்தர்கிட்ட போனேன் மாமா. கப்பு ஒண்ணுதான் வெச்சிருக்கார். அம்மா நாயைக் காட்டினார், எக்ஸ்ரே காட்டினார், எல்லாம் சரி. ஆனா குட்டி தர மாட்டாராம். பகல்ல யாரு வீட்ல இருப்பா, தினம் எத்தனை மணி நேரம் நடக்க வைப்பே, லிஃப்ட் இருக்கா, உன் ஒய்ஃபுக்குச் சம்மதமா, இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கியான்னு ஒரு மணி நேரம் குடையறார். கடைசியில, 'உங்களுக்கு இந்த நாய் சரிப்படாது தம்பி, வாழ்க்கை கொஞ்சம் மாறினப்புறம் வாங்க'ங்கறார். காசு குடுத்து வாங்க வந்தவனை இன்டர்வியூ பண்ணி ரிஜெக்ட் பண்றார் மாமா!"

"அட்ரஸைப் பத்திரமா வெச்சுக்கோடா" என்றேன். "எப்ப வாங்கினாலும் அங்கேயே வாங்கு."